கூட்டி வந்தவர்

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பத்தரை மணி வகுப்புக்கு ஒரு அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு ஐந்து வயது. பிறவியிலேயே காது கேட்காது. ஆபரேஷன் செய்து காதுக்குள் ஒரு கருவி வைத்து, தலையில் ஒட்டிக்கொள்ளும் மெஷின் ஒன்றை வெளியே மாட்டியிருந்தார்கள். பேச்சுப் பயிற்சிக்காக வாரத்தில் மூன்று நாள் விளாங்குடியில் உள்ள எங்கள் மையத்துக்கு வருவாள். நான் அவளுடைய பயிற்சியாளர்.

2. "நீங்க ஆரம்பிச்சிருங்க மிஸ். ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்" என்றார். அம்மாவோ அப்பாவோ ஒருவர் வகுப்பில் கூடவே உட்கார வேண்டும் என்பது எங்கள் விதி. பதினொரு மாதத்தில் அவர் அதை மீறியது அன்றுதான்.

3. பதினொன்றரைக்கு வகுப்பு முடிந்தது. அவர் வரவில்லை.

4. அவருடைய வண்டி மாடிப்படிக்குக் கீழே நின்றது. சாவி அதிலேயே இருந்தது. அவர் எண்ணுக்கு அடித்தேன். வண்டியில் தொங்கிய பைக்குள் போன் ஒலித்தது.

5. பன்னிரண்டரைக்கு, காத்திருந்த அம்மாக்களில் ஒருவரான ஜெசி அக்கா தன் மகனுக்குக் கொண்டுவந்த தயிர்ச்சோற்றில் பாதியை அந்தக் குழந்தைக்கு ஊட்டினார். எதிரே இருந்த டீக்கடைக்கு வாட்ச்மேனை அனுப்பினோம். அங்கே இல்லை. அவர் வேலை செய்யும் பரவை மார்க்கெட்டில் கேட்டோம். காலையிலேயே கிளம்பிவிட்டார் என்றார்கள்.

6. ஒன்றரை மணிக்கு ஒரு அம்மா, "சாவியும் வச்சுட்டு, போனும் வச்சுட்டுப் போயிருக்காரே" என்றார். எல்லாரும் ஒன்றைத்தான் நினைத்தோம்.

7. இரண்டே காலுக்கு, மையத்திலிருந்து ஐந்து நிமிட நடைதூரத்தில், திண்டுக்கல் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் அவரைக் கண்டுபிடித்தேன். உட்கார்ந்திருந்தார்.

அவ்வளவு பக்கத்தில் இருந்தவரை நாங்கள் மூன்று மணி நேரம் தேடியதற்குக் காரணம் ஒன்றுதான். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கும் ஆள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வருகைப் பதிவேட்டில் கடைசிக் கட்டம் 'கூட்டி வந்தவர்'. மற்றவர்கள் அதில் தங்கள் பெயரை எழுதுவார்கள். அவர் 'அப்பா' என்று எழுதுவார். "பேர் எழுதணும்ண்ணே" என்று முதல் வாரம் சொன்னேன். "அப்பான்னா தெரியாதா மிஸ்? இங்க வேற அப்பா யாரு வாரா?" என்றார். அது உண்மைதான். அந்த வருடம் எங்களிடம் இருபத்திரண்டு குழந்தைகள். தொடர்ந்து கூட்டி வந்த அப்பா அவர் ஒருவர். பெயர் கோப்பில் இருக்கிறது. அவர் எழுதாததை நானும் எழுதப்போவதில்லை.

பரவை காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற வேலை. விடியுமுன்னே போய் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவார். வீட்டுக்குப் போய்க் குளித்து, சட்டை மாற்றி, குழந்தைக்கு மெஷின் மாட்டி, பேட்டரி சரிபார்த்து, பத்து இருபத்தைந்துக்கு வந்து நிற்பார். மனைவி டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவு. காலையில் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் விடுவார்கள். கடைக்குள் நுழையும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கடைசி விவரம் முக்கியம். எங்கள் மையத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. விடுமுறை, நேர மாற்றம், மெஷின் சர்வீஸ் தேதி எல்லாம் அதில்தான் போகும். அம்மாக்களுக்கான குரூப் அது. சேர்க்கைப் படிவத்தில் தாயின் எண்ணைத்தான் கேட்டிருந்தோம், அந்த எண்தான் குரூப்பில் இருந்தது. அதனால் செய்தி போய் மனைவியின் போனில் விழும். போன் கடையின் அலமாரியில் கிடக்கும். இவர் பூட்டிய கதவுக்கு முன்னால் குழந்தையோடு நிற்பார். இப்படி இரண்டு முறை நடந்தது. இரண்டாவது முறை நான் எதற்கோ மையத்துக்கு வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்து மகளுக்கு வாகனங்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "பஸ்ஸு போகுது. பெரிய பஸ்ஸு. லாரி வருது."

"லீவு விட்டது தெரியாதாண்ணே?"

"தெரியல மிஸ். பரவால்ல. இங்க வண்டி நெறையப் போகுது, பாப்பாவுக்கு நல்லதுதான்."

அவரைக் குரூப்பில் சேர்க்கலாம் என்று மறுநாள் சொன்னேன். ஜெசி அக்காதான் குரூப்பைப் பார்த்துக்கொண்டவர். மிஷன் பள்ளி வாத்தியாரின் மனைவி. வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. அவரே வெளியே போய்ச் சொன்னார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீக. அதுல நாங்க பொம்பளைக என்னென்னமோ பேசுவோம். புருசன் சங்கதி, மாமியா சங்கதி. ஒருத்தி அழுது வாய்ஸ் போடுவா, ஒருத்தி பாட்டுப் போடுவா. நீங்க உள்ள வந்தா எல்லாளும் வாயப் பொத்திக்கிருவாளுக."

"அதுதான்த்தா சரி. எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று அவர் சிரித்தார்.

ஜெசி அக்கா உள்ளே வந்து எங்களிடம் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு புள்ளைய எறக்கிவிட வந்தா வண்டியக்கூட அமத்த மாட்டாரு. இந்த அண்ணனுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்டி."

லீவு விட்டால் நானே தனியாக அவருக்குப் போன் செய்து சொல்வது என்று முடிவானது. பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் குறித்துக்கொண்டேன்.

வகுப்பு முடிந்தும் குழந்தைகள் கொஞ்ச நேரம் சேர்ந்து விளையாடிச் சாப்பிட்டுத்தான் கிளம்புவார்கள். அதுவரை பெரியவர்கள் காத்திருக்க அறை ஒன்றுதான். பாய் விரித்து, மின்விசிறிக்குக் கீழே அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். கைக்குழந்தை இருப்பவர்கள் பால் கொடுப்பார்கள். அதனால் அவர் மாடிப்படிக்குக் கீழே, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்காருவார். டிபன் பாக்ஸ்கள் திறக்கும்போது ஒரு தட்டு வெளியே போகும். "அண்ணனுக்குக் குடுத்துட்டு வா." எலுமிச்சை சாதம், அவித்த முட்டை, பெருநாள் முடிந்த வாரம் பிரியாணி. தட்டு கழுவித் திரும்பி வரும். சாப்பாட்டில் யாரும் குறை வைக்கவில்லை.

பேச்சில் அவர் சளைத்தவரில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். காது கேட்கத் தொடங்கிய குழந்தைக்கு வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை, பெரியவர்கள் தாங்கள் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பது. 'அம்மா தண்ணி ஊத்துறேன். தண்ணி சில்லுனு இருக்கு.' பெரும்பாலான பெற்றோர் ஒரு வாரத்தில் வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள். அவர் விடவில்லை. ஒரு சனிக்கிழமை மகளை மார்க்கெட்டுக்கே கூட்டிப்போய், 'அப்பா முருங்கக்கா எடுக்குறேன். முருங்கக்கா நீளமா இருக்கு. அப்பா கட்டு கட்டுறேன்' என்று சொல்லிக்கொண்டே வேலை செய்திருக்கிறார்.

"கூட வேலை பாக்குறவங்க ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"சொல்லாம? 'என்ன மாப்ள, முருங்கக்காய்க்கே ட்யூசன் எடுக்குற, அது பாஸாயிருமா'ன்னான் ஒருத்தன். 'உன்னையவிட சீக்கிரம் பாஸாயிரும்டா'ன்னேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். வாயாடி என்றே வைத்துக்கொள்ளலாம், அவரைப் பற்றிக் கேட்காத வரை. கேட்டால் பதில் வரும். ஆனால் அது இன்னொருவரைப் பற்றியதாக இருக்கும். 'எப்படியிருக்கீங்க?' என்றால் 'பாப்பா நல்லாருக்கு மிஸ்.' 'சாப்பிட்டீங்களா?' என்றால் 'அவ காலையிலயே சமைச்சு வச்சுட்டுப் போயிட்டா.' முதலில் இதை அடக்கம் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து எனக்கும் பழகிவிட்டது. கேள்வியை அவரிடம் கேட்டு, பதிலை வேறு பெயருக்கு நேராக எழுதிக்கொள்ளத் தொடங்கினேன்.

மனைவியைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். குழந்தைக்குக் காது கேட்காது என்று தெரிந்த புதிதில் அவர் இரண்டு மாதம் பாயைவிட்டு எழவில்லை. வாடிப்பட்டியிலிருந்து அவருடைய அம்மா வந்து தங்கினார். கூடப்பிறந்த அக்கா வாரம் தவறாமல் வந்தார். டாக்டர், மாத்திரை. குரூப்பில் சேர்ந்த பிறகு ஜெசி அக்கா தினமும் பேசினார். மனைவி மெல்லத் தேறி வேலைக்குப் போனார். வகுப்பு முடிந்து இவர் கிளம்பும்போது அம்மாக்கள் வரிசையாகக் கேட்பார்கள்: "தங்கச்சி எப்படிண்ணே இருக்கு? தூங்குதா? மாத்திரை போடுதா? நீங்க தைரியமா இருங்க, நீங்கதான அதுக்குத் தெம்பு." அவர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெற்றோரின் மனநிலை பற்றி ஒரு படிவம் நிரப்புவோம். குடும்பத்துக்கு ஒரு தாள். மேலே 'தாய்' என்றுதான் அச்சாகியிருந்தது. அவரிடம் நான் வாசித்துக் கேட்டேன்.

"போன ரெண்டு வாரத்துல நல்லாத் தூங்க முடிஞ்சுதா?"

"இப்பத் தூங்குறா மிஸ். மாத்திரையக் கொறைச்சுட்டாக."

"உங்களக் கேக்குறேண்ணே."

"மார்க்கெட்டுக்காரன் என்னத்த மிஸ் தூங்குறது?"

'வேலை நேரம்' என்று ஓரத்தில் எழுதினேன்.

"எதுலயும் ஆசையில்லாம, பிடிப்பில்லாம இருக்கா?"

"முன்னாடி அப்படித்தான் இருந்தா. இப்பப் பூ வைக்கிறா."

பத்துக் கேள்விக்கும் மனைவியைப் பற்றிப் பத்து நல்ல பதில்கள் கிடைத்தன. எல்லாவற்றையும் டிக் செய்து கோப்பில் வைத்தேன்.

அதற்கு அடுத்த மாதம் உணர்ச்சிகள் பாடம். சிரிக்கும் முகம், அழும் முகம், கோபம், பயம் என்று நாலு அட்டைகள். கூட இருக்கும் பெரியவர் அன்றைக்குத் தனக்கு உண்மையாக எப்படி இருக்கிறது என்று குழந்தையிடம் சொல்லி, அந்த அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். உண்மையாக இருந்தால்தான் குரலில் அது வரும், குழந்தை பிடித்துக்கொள்ளும்.

"அப்பாவுக்குப் பசிக்குது" என்றார்.

"பசி வயித்துக்குண்ணே. மனசுக்கு என்ன?"

அட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றைக்கூடத் தொடவில்லை. எனக்கு அந்தப் பாடத்துக்கு இருபது நிமிடம்தான். கடைசியில் சிரிக்கும் முகத்தை எடுத்து மகளிடம் காட்டி, "அம்மாவுக்கு இன்னைக்குச் சந்தோசம்" என்றார். அதுவும் வாக்கியம்தானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அதே அட்டைகளைப் பரப்பியபோது, யாரும் கேட்காமலே குழந்தை அழும் முகத்தை எடுத்தாள். அப்பாவைக் காட்டினாள். "அப்பா அழுகுது" என்றாள்.

அதுவரை அவள் ஒற்றைச் சொல்லாகத்தான் பேசுவாள். 'பால்', 'வா', 'பஸ்ஸு'. சொல்லிக்கொடுக்காமல் தானாக இரண்டு சொல்லைச் சேர்த்தது அதுதான் முதல் தடவை. எழுவாயும் பயனிலையும் சரியான இடத்தில் இருந்தன. 'ழு' கூட ஓரளவு தெளிவாக வந்தது. நான் கைதட்டினேன். "இன்னொரு தடவை சொல்லு பாப்பா."

"அப்பா அழுகுது." தன் கன்னத்தில் விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள்.

அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் சொல்லுதா மிஸ்?" என்றார்.

"ரொம்பச் சரிண்ணே."

மையத்துத் தலைமை மேடத்தைக் கூப்பிட்டேன். ஜெசி அக்கா ஓடி வந்தார். எல்லார் முன்னாலும் குழந்தை இன்னும் இரண்டு முறை சொன்னாள். எல்லாரும் கைதட்டினோம். அவரும் தட்டினார். போய்க் கடலை மிட்டாய் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார். கோப்பில் நான் எழுதியது இன்னும் இருக்கிறது: 'தானாகச் சொன்ன முதல் இருசொல் வாக்கியம். தூண்டுதல் இல்லை. பொருள் பொருத்தம் சரி.' பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

பொருள் பொருத்தம் சரி என்று நானே எழுதியிருக்கிறேன். அந்தக் குழந்தை பார்த்ததைத்தான் சொன்னாள். எங்கே பார்த்தாள், எத்தனை நாளாகப் பார்க்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நானே தேடக் கிளம்பினேன். மகளைப் பார்த்தால் அவர் வந்துவிடுவார் என்று நினைத்து, அவளையும் ஸ்கூட்டியில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய், பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்து நிறுத்தினேன். பக்கத்தில் இளநீர் விற்றவர் சொன்னார்: "காலையிலருந்து இப்படியே உக்காந்திருக்காரும்மா. எத்தனையோ பஸ்ஸு வந்துச்சு. ஒண்ணுலயும் ஏறல."

என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது: "பாப்பா சாப்பிட்டுச்சா மிஸ்?"

"சாப்பிட்டா. என்னண்ணே ஆச்சு?"

"எந்திரிக்கணும்னுதான் இருக்கேன். எந்திரிக்க முடியல."

நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை. இடது கை? இல்லை. தலை சுற்றல், கண் இருட்டல், கால் மரத்துப்போவது? ஒன்றும் இல்லை. "கால் நல்லாத்தான் இருக்கு மிஸ். அது எந்திரிக்க மாட்டேங்குது" என்றார், வேறு யாரோ ஒருவரின் காலைப் பற்றிச் சொல்வதுபோல. எனக்குத் தெரிந்த கேள்விகள் தீர்ந்துபோயின. பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தை அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பஸ்கள் வந்து நின்று போயின.

"டீ குடிக்கத்தான் வந்தேன்" என்றார். "டீக்கடையில நம்ம ஆளுக நாலு பேரு நின்னானுக. போனா பேசணும். அதான் இங்கிட்டு வந்து உக்காந்தேன். செத்த நேரம்னுதான் உக்காந்தேன்."

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

மகளின் தலையில் மெஷினைச் சரியாக ஒட்டிவிட்டார். பிறகு, "வீட்ல சொல்லிராதீக மிஸ். அவ இப்பத்தான் தேறியிருக்கா. அம்புட்டுப் பேரும் சேந்து தேத்தி விட்டிருக்காக. நான் போயி அதக் கெடுத்துறக் கூடாது" என்றார்.

பதினொரு மாதத்தில் அவர் தனக்காக என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

நான் சொல்லிவிட்டேன். குழந்தை நாலு மணி நேரம் கூட்டி வந்தவர் இல்லாமல் இருந்திருக்கிறாள். வீட்டுக்குத் தெரிவிப்பது விதி. விதி இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இளநீர்க்காரரும் நானும் கைகொடுத்து அவரை எழுப்பி, ஆட்டோவில் ஏற்றி, மையத்துக்குக் கொண்டுவந்தேன். தலைமை மேடம் அவரிடம் பேசி, ஒரு மனநல மருத்துவரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் ஜவுளிக் கடைக்குப் போன் செய்து மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை வகுப்புக்கு மனைவி வந்தார். கடையில் சொல்லி மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"இனிமே நாந்தான் மிஸ் வருவேன். அவுக ரெஸ்ட் எடுக்கட்டும்."

"டாக்டரப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தோம். நானும் உள்ள போனேன். அவர் கேட்டதுக்கெல்லாம் நாந்தான் பதில் சொன்னேன். இவுக வாயே தொறக்கல. மாத்திரை குடுத்திருக்காரு. எங்கம்மா கண்ணுதான்னு சொல்லுது. 'எம்புட்டுத் தாங்குன மனுசன், ஊரே மெச்சுச்சுல்ல, கண்ணு பட்டுருச்சு'ன்னு மொளகா சுத்திப் போட்டுச்சு."

ஜெசி அக்கா அவரைக் கையைப் பிடித்துக் காத்திருப்பு அறைக்குள் கூட்டிப்போனார். பத்து நிமிடம் இருக்கும், நான் எட்டிப் பார்த்தேன். அவர் பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஒருவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார். புருசனுக்காகத்தான் அழுதார். ஆறுதல் சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள்.

ரெஸ்ட் என்று அவருக்குக் கொடுக்கப்பட்டது என்ன என்று பிறகு யோசித்திருக்கிறேன். விடியுமுன்னே மூட்டை வேலை அப்படியே இருந்தது. அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நின்றது, குளித்து, சட்டை மாற்றி, மகளோடு பத்து இருபத்தைந்துக்கு வந்து நிற்பது மட்டும்தான்.

இப்போது நிலவரம் இது. குழந்தை பரவையில் சாதாரணப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். முழு வாக்கியமாகப் பேசுகிறாள், வகுப்பில் பேசியதற்காக அடியும் வாங்குகிறாள். வருடத்துக்கு இரண்டு முறை மெஷினைச் சரிபார்க்க அம்மாதான் கூட்டி வருகிறார். 'அவுகளுக்கென்ன, நல்லாத்தான் இருக்காக' என்கிறார். கணவர் மாத்திரையை மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். அவர் அதன் பிறகு மையத்துக்கு வரவில்லை. அவர் எண் என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் மகளுடைய படிப்பைப் பற்றி உற்சாகமாகப் பேசினார். நான் கேட்க வாயெடுப்பதற்குள், 'லோடு வந்துருச்சு மிஸ், வச்சுர்றேன்' என்று வைத்துவிட்டார். இரண்டாவது முறை பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. மதியம் மூன்று மணி. அந்த நேரத்தில் மார்க்கெட்டுக்கு லோடு வராது. அது போன ஆடியில். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை.